பணம்தான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?

1911ஆம் ஆண்டு அச்சான ஒரு ரூபாய் வெள்ளிக் காசைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தால், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் ஒரு சின்ன யானை தெரியும். துதிக்கை குட்டையாக விழுந்துவிட்டதால், பார்த்தவர்களுக்கு அது பன்றி மாதிரி இருந்தது. முணுமுணுப்பு கிளம்பியதும் அச்சிட்டதில் பெரும்பகுதியை அரசு உருக்கிவிட்டது. 1912இல் வந்த காசில் யானை யானையாகவே தெரிந்தது. நாணயம் சேகரிப்பவர்கள் பழையதைப் ‘பன்றி ரூபாய்’ என்கிறார்கள். மறு ஆண்டுக் காசைவிட அதற்கு விலை பல மடங்கு.

இப்படி ஒரு காசு இணைய ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா பெட்டியில் கிடந்ததை எடுத்துப் போட்டவருக்கு அதன் கதை தெரியாது. ‘ஜார்ஜ் மன்னர், ஒரு ரூபாய், வெள்ளி’ என்று தலைப்பு வைத்து, ஆரம்ப விலையை அடிமட்டத்தில் போட்டு, இரண்டு படங்களை ஏற்றிவிடுகிறார். ஏழு நாள் ஏலம். ஞாயிற்றுக்கிழமை இரவு கடைசி நிமிடத்தில் ஒருவர் கேட்ட விலை நிற்கிறது. கடிகாரம் பூஜ்யத்தைத் தொடுகிறது. ஏலம் உங்களுக்கே என்று திரையில் வருகிறது. பணமும் போய்ச் சேர்கிறது. திங்கட்கிழமை மத்தியானம் ஒரு செய்தி: ‘சாரி சார், காசு எங்கேயோ மிஸ் ஆயிடுச்சு. பணத்தைத் திருப்பி அனுப்பிட்டேன்.’ இரண்டு வாரம் கழித்து அதே காசு, மன்னரின் காதுக்குக் கீழே அதே கீறலோடு, விளிம்பில் அதே கறுப்போடு, நான்கு மடங்கு விலைக்கு மறுபடியும் ஏறியிருக்கிறது.

நாணயக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கதையின் ஏதாவது ஒரு வடிவம் பேச்சில் வந்துவிடும். கதையைவிட வருத்தம் தருவது அதற்குப் பிறகு வரும் ஆறுதல். ‘பணம்தான் வந்துவிட்டதே, அப்புறம் என்ன? விட்டுத்தள்ளுங்க.’ ஏலக் குழு நடத்துபவர் இதைச் சொல்கிறார். நண்பர் சொல்கிறார். ஏமாந்தவரே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த ஏலத்தைப் பார்க்கப் போய்விடுகிறார். காசு கை மாறாதவரை அது விற்பவருடைய சொத்துதான், மனம் மாறினால் அவர் வைத்துக்கொள்ளலாம், வாங்கிய பணத்தைத் திருப்பிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அது முழுக்க முழுக்கத் தவறான எண்ணம்.

நம் ஊர் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. விரல் ஒத்துக்கொண்டபின் இன்னொருவர் வந்து ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறேன் என்றால், பேசிய மாட்டை அவருக்கு அவிழ்த்துக் கொடுப்பவன் மறு வாரம் அந்தச் சந்தையில் தலைகாட்ட முடியாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சள் ஏலத்துக்கு வரும் விவசாயி, விலை கட்டவில்லை என்றால் மூட்டையைத் திருப்பி எடுத்துப்போகலாம். அங்கே அது முறையானது, ஏனென்றால் ஏலம் கேட்கும் ஒவ்வொரு வியாபாரிக்கும் அந்த விதி முன்கூட்டியே தெரியும். இணைய ஏலத்திலும் அந்த வசதிக்குக் குறைவில்லை. இதற்குக் கீழே தரமாட்டேன் என்று ‘ரிசர்வ்’ விலை வைக்கலாம். ஏலமே வேண்டாமென்று நிர்ணய விலை போடலாம். இரண்டையும் விட்டுவிட்டு அடிமட்ட விலையில் திறந்த ஏலம் விட்டவர் ஏன் அப்படிச் செய்தார்? குறைந்த விலையைப் பார்த்துக் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் போட்டி வரும் என்பதற்காக. கூட்டத்தின் லாபம் எனக்கு, கூட்டம் வராத நாளின் நஷ்டம் உனக்கு என்றால் அதை ஏலம் என்று எப்படிச் சொல்வது?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். இந்தியப் பொருள் விற்பனைச் சட்டம் 1930இல் வந்தது. அதன் 64ஆம் பிரிவுப்படி, சுத்தியல் விழும்போதோ வழக்கமான வேறு முறையில் அறிவிக்கும்போதோ ஏல விற்பனை முடிந்துவிடுகிறது. அதுவரை கேட்டவர்கூடத் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். அதற்குமேல் இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள். இணையத்தில் சுத்தியலின் வேலையைக் கடிகாரம் செய்கிறது. மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு தெளிவாக்கிவிட்டது.

‘அவ்வளவு குறைந்த விலைக்குப் போனால் எப்படிக் கொடுப்பது?’ என்று கேட்பவர்களுக்கு 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு குதிரை காத்திருக்கிறது. அதன் 25ஆம் பிரிவில் கொடுத்திருக்கும் உதாரணங்களில் ஒன்று: ஆயிரம் ரூபாய் பெறுமான குதிரையை ஒருவர் பத்து ரூபாய்க்கு விற்கச் சம்மதிக்கிறார். சம்மதம் மனப்பூர்வமாகத் தந்தது. அப்படியானால் விலை போதவில்லை என்றாலும் அது ஒப்பந்தமே. நூற்றைம்பது ஆண்டாக நம் சட்டப் புத்தகத்தில் நிற்கும் அந்தக் குதிரையை, காசு விற்பவர்களும் வாங்குபவர்களும் பார்த்ததாகவே தெரியவில்லை.

ஜெர்மனியில் இந்தச் சண்டை உச்சிவரை போய்த் தீர்ந்தது. ஒருவர் இணைய ஏலத்தில் ஒரு புது ஃபோக்ஸ்வேகன் பஸாட் காரைப் போட்டார். சந்தை விலை ஏறக்குறைய 57,000 மார்க். ஆரம்ப விலையாக அவர் வைத்தது 10 மார்க். ஏலம் 26,350 மார்க்கில் முடிந்தது. தரமாட்டேன் என்றார் விற்பவர். 2001 நவம்பரில் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2014இல் இன்னொரு பஸாட், இந்த முறை பழைய கார், ஆரம்ப விலை ஒரு யூரோ. ஏலத்துக்கு வெளியே 4,200 யூரோ தர ஆள் கிடைத்ததும் உரிமையாளர் ஏலத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் முன்னணியில் இருந்தவரின் கேள்வி ஒரே ஒரு யூரோ. காரின் மதிப்பு 5,250 யூரோ. வித்தியாசமான 5,249 யூரோவையும் நஷ்டஈடாகத் தர வேண்டியதாயிற்று. கொள்ளை மலிவாகக் கிடைக்கலாம் என்பதுதானே இந்த ஏலங்களின் கவர்ச்சி, குறைந்த விலையில் ஆரம்பித்தவர் அந்த ஆபத்தைத் தாமே ஏற்றுக்கொண்டவர் என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்புகள் இந்தியாவைக் கட்டுப்படுத்தாது, உண்மை. ஆனால் ‘உலகத்தில் எங்கேயும் இதற்கெல்லாம் வழக்குப் போட மாட்டார்கள்’ என்ற பேச்சுக்கு இவை பதில்.

காசு சேகரிப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமானது ஆஸ்திரேலிய வழக்கு. 2006இல் ஈபேயில் இரண்டாம் உலகப் போர்க்கால ரகமான ஒரு வீராவே விமானம் ஏலத்துக்கு வந்தது. ஒருவர் 1,50,000 டாலருக்குக் கேட்டு ஏலத்தை எடுத்தார். விற்பவரோ வேறொருவரிடம் ஒரு லட்சம் டாலர் கூடுதலாகப் பேசி வைத்திருந்தார். ஈபே விற்பனை தம்மைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடினார். நியூ சௌத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் 2007இல் அதை ஏற்கவில்லை. வெறும் பணமாக ஈடு தந்தால் போதும் என்று விடவில்லை, விமானத்தையே ஒப்படைக்கச் சொன்னது. நம் பொருள் விற்பனைச் சட்டத்தின் 58ஆம் பிரிவும் அதே அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருகிறது: குறிப்பிட்ட ஒரு பொருளை விற்க ஒப்புக்கொண்டவர், நஷ்டஈடு கட்டிவிட்டுப் பொருளை வைத்துக்கொள்ள விடாமல், பொருளையே தரும்படி உத்தரவிடலாம்.

இங்கேதான் ‘பணம் வந்துவிட்டதே’ என்ற வாதம் முறிகிறது. ஒரு மூட்டை சர்க்கரை விற்க மறுத்தால் பக்கத்துக் கடையில் அதே சர்க்கரை கிடைக்கும். பழைய காசு அப்படிப்பட்ட பொருளா? ஒரே ஆண்டில் ஒரே அச்சில் வந்த இரண்டு ரூபாய்கள்கூட நூறு ஆண்டில் வேறு வேறு ஆகிவிடுகின்றன. ஒன்று பானைக்குள் கிடந்து பச்சை பூத்திருக்கும், இன்னொன்று கழுத்துச் சங்கிலியில் தொங்கி முகம் தேய்ந்திருக்கும், மூன்றாவது ஒரு தகரப் பெட்டியின் துணி முடிச்சில் யார் கையும் படாமல் பளபளவென்று இருக்கும். அந்த மூன்றாவதுக்காகத்தான் சேகரிப்பாளர் பல வருடம் காத்திருக்கிறார். அது கிடைத்துவிட்டதென்று நம்பி, அதே வாரத்தில் வந்த வேறு இரண்டு ஏலங்களைக் கைவிட்டிருப்பார். திரும்பி வந்த பணத்தால் அந்த ஏலங்கள் மறுபடி திறக்கப்போவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதே ஏலத்தில் போட்டி சூடுபிடித்து, காசு சந்தை விலையைப் போல இரண்டு மடங்குக்குப் போயிருந்தால்? வாங்கியவர் மறுநாள் காலையில் ‘மனசு மாறிவிட்டது, காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல முடியுமா? 2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடப்பட்டது. இன்று இங்கே எத்தனையோ காசு ஏலங்கள் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கின்றன. அந்தக் குழுக்களில் விலை கேட்டுவிட்டுப் பணம் கட்டாதவரைப் பெயர் போட்டு வெளியேற்றுவது பரவலான வழக்கம். விலை கேட்ட சொல்லுக்கு அவ்வளவு மரியாதை தரும் குழு, விற்கிறேன் என்ற சொல்லை மட்டும் ஏன் காற்றில் விடுகிறது?

விற்பவருக்காகப் பேசுபவர்கள் எடுக்கும் கடைசி ஆயுதம் அனுதாபம். ‘பாவம், அவருக்கு அது பன்றி ரூபாய் என்று தெரியாது. தெரிந்தவர் ஏமாற்றி வாங்கப் பார்த்தார்.’ இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. மனசாட்சியுள்ள எவருக்கும் கொஞ்சம் உறுத்தும் இடம் இது. விற்பவர் கேட்டபோது ‘சாதாரணக் காசுதான், வெள்ளி விலைதான்’ என்று பொய் சொல்லி வாங்கியிருந்தால் அது மோசடி. விற்பவர் தாராளமாக ஒப்பந்தத்தை உடைக்கலாம். ஆனால் ஊரறியப் படம் போட்ட காசைப் பார்த்து, தான் படித்ததை வைத்து அடையாளம் கண்டு, போட்டியில் விலை கேட்டவர் யாரையும் ஏமாற்றவில்லை. இதற்கும் 1872 சட்டத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. 17ஆம் பிரிவில் வரும் இரண்டு வியாபாரிகளில் ஒருவருக்கு விலை மாற்றம் பற்றி ஒரு ரகசியத் தகவல் தெரியும். அதை மற்றவருக்குச் சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு ஏலத்தில் 50 டாலருக்குப் பழைய இரும்புப் பெட்டி வாங்கினார்கள் ஒரு தம்பதி. உள்ளே பூட்டிய அறை ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் 32,207 டாலர் ரொக்கம். பணம் எங்களுக்கே என்று விற்ற தரப்பு கேட்டது. பூட்டிய அறையோடு உள்ளதை உள்ளபடி விற்றுவிட்டீர்கள், உள்ளே இருப்பதும் அதில் சேர்ந்ததே என்றது 1981இல் அம்மாநில உச்ச நீதிமன்றம். அரிசோனாவில் 2000ஆம் ஆண்டு வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. இறந்தவர் வீட்டுப் பொருள்களை விற்றபோது 60 டாலருக்குப் போன இரண்டு ஓவியங்கள், பெயர்பெற்ற ஓவியர் மார்ட்டின் ஜான்சன் ஹீட் வரைந்தவை என்று பிறகு தெரிந்தது. ஏலத்தில் அவை 10,72,000 டாலருக்குப் போயின. விற்பதற்கு முன் சரியாக விசாரித்துப் பார்க்காத ஆபத்தை விற்றவர்களே சுமக்க வேண்டும் என்று சொல்லி, விற்பனையை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தெரியாமல் விற்பதற்கு இன்றைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பழைய அஞ்சு ரூபாய் நோட்டுக்கு லட்சம் ரூபாய், ஒரு ரூபாய் காசுக்குக் கார் என்று பேசும் வீடியோக்கள் தெருவுக்குத் தெரு பரவியிருக்கின்றன. பழைய நோட்டு, நாணய விற்பனையின் பெயரில் நடக்கும் மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. ஏலம் முடிந்த இரவில் இப்படி ஒரு வீடியோவைப் பார்க்கும் விற்பவர், சாதாரணக் காசுக்கும் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று நம்பி மறுநாள் கையை விரித்துவிடுகிறார். அவர்மேல் கோபத்தைவிடப் பரிதாபமே வருகிறது. அதற்காக அவர் கொடுத்த சொல் மறைந்துவிடாது.

நியாயமான காரணத்துக்குப் பின்வாங்குபவர்களும் உண்டு. அவர்களையும் இதே கூண்டில் நிறுத்தினால் இந்தக் கண்டனம் நேர்மையற்றதாகிவிடும். ஏலம் நடந்துகொண்டிருந்தபோதே கேமரா திருட்டுப்போன ஒரு ஜெர்மானியருக்கு, ஏலத்தை நிறுத்தும் உரிமை உண்டென்று அதே கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னது. நிஜமாகவே தொலைந்தால் தொலைந்ததுதான். காசு போலி என்று தெரிந்தால் இரு தரப்பும் விலகலாம். நியூ ஜெர்சியில் ஒரு நாணயக் கடை, 1916இல் டென்வர் அச்சகத்தில் அடித்தது என்று நம்பி ஒரு பத்து சென்ட் காசை 500 டாலருக்கு வாங்கியது. பிறகு அது போலி என்று அமெரிக்க நாணயவியல் கழகம் சொல்லிவிட்டது. வாங்கியவரும் விற்றவரும் ஒருசேரத் தவறாக நினைத்திருந்தார்கள், ஆகவே விற்பனை ரத்து என்று 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. நம் நாட்டுக்கே உரிய விதிவிலக்கு ஒன்றும் உண்டு. நூறு ஆண்டைத் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பன்றி ரூபாயை லண்டன்காரர் ஏலத்தில் எடுத்தால் விற்பவர் அனுப்ப மறுப்பதே சரி. அப்படி அனுப்ப முடியாது என்பதை அவர் முதலிலேயே ஏல அறிவிப்பில் எழுதியிருக்க வேண்டும்.

பின்வாங்குவதன் உடன்பிறப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ரிசர்வ் விலை வைக்க மனமில்லாமல், மச்சான் பெயரிலோ இன்னொரு கணக்கிலோ தானே விலை கேட்டு ஏற்றிவிடுவது. தன் கையிலேயே காசு நின்றுவிட்டால், ‘எடுத்தவர் பணம் கட்டவில்லை, நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று இரண்டாவது ஆளுக்குத் தூது. முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவரே கேட்பது நம் 64ஆம் பிரிவுப்படி சட்டவிரோதம். போலிப் போட்டியில் விலை ஏறியிருந்தால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம். 2016இல் ஒரு ஜெர்மன் வழக்கில், காரின் உரிமையாளர் இரண்டாவது கணக்கு வைத்து விலையை ஆயிரக்கணக்கில் ஏற்றியிருந்தார். அவர் கேட்டதையெல்லாம் கழித்துப் பார்த்தால் நேர்மையான விலை ஒன்றரை யூரோதான் வந்தது. ஒப்பந்தம் அந்த ஒன்றரை யூரோவுக்கே என்றது நீதிமன்றம்.

ஏலத் தளங்களின் ஏற்பாடே நழுவுபவருக்கு வசதியாக இருக்கிறது. ஈபேயில் விற்பவர் ‘கையிருப்பில் இல்லை’ என்று காரணம் காட்டி ரத்து செய்தால் அவர் கணக்கில் ஒரு குறை பதிவாகும். ‘வாங்கியவர் கேட்டுக்கொண்டார்’ என்று காட்டினால் பதிவாகாது. அதனால்தான் ‘நீங்களே கேன்சல் கேட்டுடுங்க சார், பணம் சீக்கிரம் வந்துடும்’ என்ற இனிப்பான வேண்டுகோள் வருகிறது. இரக்கப்பட்டு அந்தப் பொத்தானை அழுத்துபவர், தன் உரிமையைத் தன் கையாலேயே அழித்து, விற்பவரின் பெயரைச் சுத்தம் செய்து கொடுக்கிறார். அழுத்தவே கூடாது.

மூவாயிரம் ரூபாய்க் காசுக்காக யார் கோர்ட்டுக்குப் போவார் என்ற கேள்வி நியாயமானதே. எல்லாரும் போக வேண்டியதில்லை. காசு விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்மேல், சொந்தச் சேகரிப்புக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். பொருளுக்கான தொகை ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் கட்டணமும் கிடையாது. தொழில்முறை விற்பவர் இல்லையென்றால் சிவில் நீதிமன்றம்தான் வழி. அது நீண்ட வழி. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கடிதம் போதும். பெரும்பாலானவர்கள் அந்தக் கடிதத்தைக்கூட எழுதுவதில்லை. குழு நடத்துபவர்களுக்கும் இதில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: முடிந்த ஏலங்களின் படங்களை அழிக்காமல் வைப்பதும், பின்வாங்கிய விற்பவரைப் பணம் கட்டாத வாங்குபவரோடு ஒரே பட்டியலில் போடுவதும்.

கடிதத்தில் எழுத அதிகமில்லை. ஏலம் முடிந்த தேதியும் நேரமும், நின்ற விலை, பணம் கட்டிய ரசீது, விற்பவர் அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட். அதற்குக் கீழே முதல் ஏலத்தின் படமும் இரண்டு வாரம் கழித்து வந்த படமும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் மன்னரின் காதுக்குக் கீழே உள்ள கீறலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கடைசியாக இரண்டே வரி: பதினைந்து நாளுக்குள் இந்தக் காசு வந்து சேர வேண்டும், வராவிட்டால் பொருள் விற்பனைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி இதன் இன்றைய சந்தை விலைக்கும் ஏல விலைக்கும் உள்ள வித்தியாசம் வந்து சேர வேண்டும். ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு.